திரும்பி வந்தவருக்கு ஒரு சால்வை

முப்பத்தோரு வருஷம் மோட்டார் சர்வேயராக இருந்தவன் நான். விபத்தில் அடிபட்ட வண்டி, தீப்பிடித்த வண்டி, தண்ணீரில் மூழ்கிய வண்டி என்று எதுவானாலும் இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் போய்ப் பார்த்து, எவ்வளவு சேதம், எதனால் சேதம் என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. எத்தனையோ பேரிடம் "ஏன் சார் அந்தத் தண்ணியில இறக்கினீங்க?" என்று கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்ட நானே 2024இல் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிட்டு, பிறகு மற்றவர்களோடு சண்டைக்கு வருகிறேன். அதுதான் நியாயம்.

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. திருச்சியில் என் மைத்துனருக்கு அறுபதாம் கல்யாணம். நானும் மனைவியும் வெள்ளிக்கிழமையே ரயிலில் போய்விட்டோம். மகள், மாப்பிள்ளை, பேரன் பேத்தி நாலு பேரும் ஞாயிறு மதியத்துக்கு மேல் தாம்பரத்திலிருந்து காரில் கிளம்புவதாக ஏற்பாடு. ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துவிட்டது. "அதான் கடந்துடுச்சே, இனிமே என்ன?" என்று மண்டபத்தில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

இரவு ஏழு மணி இருக்கும். மாப்பிள்ளையிடமிருந்து போன். "மாமா, மேல்மருவத்தூர் வந்துட்டோம். மழை ஒரு சமயம் விடுது, ஒரு சமயம் கொட்டுது. முன்னால போற வண்டியே தெரியல. இங்கேயே ரூம் போட்டுட்டுக் காலையில பார்க்கலாம்னு இருக்கேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் நாலு மணி நேரம்தானே மாப்பிள்ளை. மெதுவா வந்துடலாமே. வரலைன்னா எல்லாரும் கேட்பாங்க."

ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "இல்ல மாமா, குழந்தைங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மண்டபத்தில் கேள்விக்கு மேல் கேள்வி. "மாப்பிள்ளை வரலையா?" "மழைன்னு தங்கிட்டார்." இதைச் சொல்லும்போது என் முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு. ஏதோ அவர் தப்பு செய்த மாதிரி, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி. ஒரு பெரியவர், "அந்தக் காலத்துல நாங்க மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வெள்ளத்துல வந்தவங்க" என்றார். இன்னொருவர், "கடலூர்லேர்ந்து என் தம்பி வந்துட்டானே" என்றார். அந்தத் தம்பி வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தைரியம் பத்தாது" என்று தீர்ப்பு எழுதி, இலை போடப் போய்விட்டார்கள்.

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே யாரோ கைபேசியில் செய்தி காட்டினார்கள். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் அரசூரில், மலட்டாற்று வெள்ளம் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஏறி ஓடுகிறது. போக்குவரத்து நிறுத்தம். நாலு வழிச் சாலை எங்கே, ஆறு எங்கே என்று தெரியாத மாதிரி ஒரே செம்மண் நிறம். மாப்பிள்ளை நான் சொன்னதைக் கேட்டுக் கிளம்பியிருந்தால் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வெள்ளம் ஏறுவதற்கு முன்னாலேயே தாண்டி வந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் அவர் நின்றார், நான் தள்ளினேன்.

அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது என்று ரயில்வே அந்தப் பாதையில் ரயில்களை நிறுத்திவிட்டது. சில ரயில்கள் ரத்து, சில வேறு வழியில். பல்லாயிரம் பேருக்குச் சிரமம். ஆனால் ஒருவராவது "ரயில்வேக்குத் தைரியம் பத்தாது" என்றாரா? இல்லை. ரயிலை நிறுத்தினால் அது பொறுப்பு, கார்க்காரன் நிறுத்தினால் பயந்தாங்கொள்ளி. இந்த வழக்கு எந்த ஊர் நியாயம்?

ரயில்வேயும் சும்மா இந்தப் புத்திக்கு வரவில்லை. நம் வயதுக்காரர்களுக்கு 1964 டிசம்பர் ஞாபகம் இருக்கும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் நின்றதாகச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போய்விடலாம் என்று நகர்ந்திருக்கிறது. கடல் அலை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. நூறு பேருக்கு மேல் போனார்கள். அந்த டிரைவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இன்று இருக்கிற எச்சரிக்கை வசதி எதுவும் அவருக்கு இல்லை. நமக்கு எல்லாம் இருக்கிறது. வானிலை இலாகா மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் நிறமாகச் சொல்கிறது. மழையைப் படத்தில் பார்க்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எதுக்கும் போய்த்தான் பார்ப்போமே" என்று கிளம்புகிறோம்.

சொல்ல வந்த விஷயம் இதுதான். மழையில் வண்டியோடு போகிறவர்களை வெள்ளம் மட்டும் கொல்வதில்லை. திரும்பி வருவது அவமானம் என்று நாம் ஊட்டி வளர்த்த நினைப்பும் சேர்ந்துதான் கொல்கிறது. அதை ஊட்டியது இளைஞர்கள் இல்லை. நாம்தான், போன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "எங்க வந்துட்டிருக்கே?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்கிற பெரியவர்கள்.

கோபப்படாதீர்கள். என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் 1 அன்று தொடங்கிய அந்த ஒரு நாள் மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அதற்குப் பிந்தைய மூன்று மாதம் நான் வீட்டில் சரியாகச் சாப்பிட்டதில்லை. ஒர்க் ஷாப் வாசலில், காலி மனைகளில், மைதானங்களில் வரிசை வரிசையாகக் கார்கள். கதவைத் திறந்தால் சேறும் சாக்கடையும் கலந்த ஒரு நாற்றம். சீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கோடு போட்ட மாதிரித் தெரியும். பாதி வண்டிகள் வீட்டு வாசலில் நின்றபடியே மூழ்கியவை. அவர்கள் பாவம், என்ன செய்ய முடியும்? மீதி, ஓட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கியவை. அந்தச் சொந்தக்காரர்களிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்பேன்.

"மாமனார் வீட்டுல எதிர்பார்ப்பாங்க சார்." "ஆபீஸ்ல லீவு சொன்னா மூஞ்சியைக் காட்டுவாங்க." "அம்மா ராத்திரி பூரா முழிச்சிட்டிருப்பாங்க." "முன்னாடி ஒரு வண்டி போச்சு சார், அதான்." பிரசவ வலி, நெஞ்சு வலி என்று சொன்னவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். மற்றவர்கள் எல்லோரும் யாரோ ஒருவர் ஏதாவது நினைத்துக்கொள்வாரே என்று இறங்கியவர்கள்.

இப்போது வழக்கமாக வரும் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "என் வண்டி பெரிய வண்டி." ரொம்ப நல்லது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. சின்னக் கார் ஒன்று மூன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று வையுங்கள். அதன் அடித்தட்டுக்கு மேல் 10 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினால், கீழிருந்து சுமார் 500 கிலோ அளவுக்குத் தண்ணீர் அதைத் தூக்குகிறது. ஆட்களோடு சேர்த்து அந்த வண்டியே 900 கிலோதான். அடித்தட்டுக்கு மேல் ஒரு சாண் ஏறுவதற்குள் வண்டி படகாகிவிடும். தரையிலிருந்து அளந்தால் அது முழங்காலுக்கும் கீழே. இரண்டு டன் எடையுள்ள பெரிய வண்டிக்கு முழங்கால் அளவு வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இது நிற்கிற தண்ணீரின் கணக்கு. ஓடுகிற தண்ணீர் வண்டி மிதக்கும்வரை காத்திருக்காது. டயருக்குப் பிடிப்பு குறைந்தவுடனேயே பக்கவாட்டில் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. தரைப்பாலத்தில் காரைத் தள்ளுவதற்கு வெள்ளம் அதை மூழ்கடிக்கவே வேண்டியதில்லை.

தண்ணீரில் பாய்ந்து போகும் ஜீப்பை விளம்பரத்தில் காட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். எத்தனை ஆழம், அடியில் பள்ளம் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்து வைத்த இடத்தில் எடுக்கிற படம் அது. நம் ஊர்த் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மூடி போன சாக்கடை, அரித்துப் போன தார், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் என்று எதுவும் இருக்கலாம். அந்தப் பெரிய வண்டி வேகமாகப் போகும்போது எழுப்புகிற அலை, பக்கத்தில் தட்டுத்தடுமாறிப் போகும் ஸ்கூட்டர்காரரைச் சாய்த்துவிட்டுப் போகும். அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது வாதம்: "முன்னால போன வண்டி போயிடுச்சே." அவன் போனது அவன் நேரம். லாரிக்கு மூச்சு விடும் வழி உயரத்தில், உங்கள் காருக்கு பெரும்பாலும் முன்பக்க கிரில்லுக்குப் பக்கத்தில். அந்த வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் போனால், காற்றை அழுத்துவது மாதிரி தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது முட்டிக்கொண்டு கனெக்டிங் ராட் வளையும், சில சமயம் உடைந்து என்ஜின் பிளாக்கையே பிளக்கும். தண்ணீரில் வண்டி ஆஃப் ஆனால், தயவு செய்து மறுபடி சாவியைத் திருகாதீர்கள். அந்த ஒரு திருகலில் லட்ச ரூபாய் போனதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாதாரண பாலிசியில் பெரும்பாலும் இதற்குப் பணம் வராது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று எடுத்திருக்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்ததற்காக நான் வாங்கிய சாபங்கள் கொஞ்ச நஞ்சமல்ல.

மூன்றாவது வாதம்: "நான் முப்பது வருஷமா ஓட்டறேன்." நானும்தான் ஓட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். அப்பாவின் திதி. அம்மா பண்ருட்டிக்குப் பக்கத்தில் கிராமத்து வீட்டில் தனியாக இருந்தார். முதல் நாள் அடுத்த வீட்டு போனில் கூப்பிட்டு, "மழைன்னு சாக்குச் சொல்லிட்டு இருந்துடாதே. மூத்த பிள்ளை நீ" என்று சொல்லி வைத்துவிட்டார். மனைவியையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு மாருதி 800இல் கிளம்பினேன். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு தரைப்பாலம். மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்று, "வேணாம் சார்" என்று கையை ஆட்டினார். பார்த்தேன், பார்க்காத மாதிரி இறக்கினேன்.

பாதிப் பாலத்தில் என்ஜின் நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே வண்டியின் பின்பக்கம் மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. அந்த நகர்வு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பிரேக் மிதிக்கிறேன், ஒன்றும் இல்லை. கதவின் அடி வழியாகத் தண்ணீர் காலுக்கு வந்தது. பின் சீட்டில் குழந்தை அழவில்லை. "அப்பா, கார் தானா போகுது" என்றாள். பாலத்து ஓரக் கல்லில் பின் சக்கரம் தட்டி நின்றது. அந்தக் கல் அங்கே இல்லை என்றால் இன்று இதை எழுத நான் இல்லை. வேணாம் என்று சொன்ன அதே மனிதர், இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, மாடு கட்டும் கயிற்றோடு வந்தார். கண்ணாடியை இறக்கச் சொல்லி, முதலில் குழந்தையை வாங்கினார். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

நனைந்துபோய் வீடு சேர்ந்தோம். அம்மா பார்த்துவிட்டு, "அதான் வந்துட்டியே, ஒண்ணும் ஆகலையே" என்றார். அம்மா கல் நெஞ்சக்காரி இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. வந்து சேர்ந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்றுதான் நம் வீடுகளில் நினைப்பு. வந்து சேராதவர்கள் "எப்படியாவது வந்துடலாம்" என்று வந்து சொல்ல மாட்டார்கள். சேர்ந்தவர்கள் மட்டும்தான் சொல்வார்கள். மாட்டு வண்டியில் வெள்ளத்தைக் கடந்த கதையைச் சொன்ன பெரியவரும் அப்படித்தான், கரை சேர்ந்தவர்.

எதிர் தரப்பில் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் ஓட்டுநர்கள் இல்லை. ஏரியைத் தூர்த்து வீடு கட்டியதும், வடிகால் இல்லாமல் சாலை போட்டதும், ஊருக்கு ஊர் ரயில்வே கேட்டை மூடிவிட்டுக் கிணறு மாதிரி சுரங்கப்பாதை தோண்டியதும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி ஓர் உயிர் போனது. 2023 மே மாதம் பெங்களூரு நடு மத்தியில், சுரங்கப்பாதையில் இன்னோர் உயிர், சின்ன வயது. அங்கெல்லாம் தண்ணீர் ஏறியவுடன் வழியை அடைத்திருக்க வேண்டாமா? நிச்சயமாக அடைத்திருக்க வேண்டும். அதற்காகச் சண்டை போடுங்கள், மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்கள் தடுப்பு வைக்கும்வரை நம் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்க முடியாது. நம் வாய் வைக்கிற தடுப்புக்கு டெண்டர் வேண்டாம்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மின்வாரியம், பால் வண்டி, பஸ் ஓட்டுபவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். அவர்களைக் கை எடுத்துக் கும்பிடுகிறேன். அவர்களுக்குச் சாலையைக் காலியாக விடுவதற்காகவாவது வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் போகிறவர்கள் வீட்டில் இருக்கலாம்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதற்கு எத்தனை கேலி, எத்தனை படம்! நான் சொல்கிறேன், அந்த வருஷம் சென்னையில் அவர்களை விடப் புத்திசாலி கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பட்டவர்களுக்குத் தெரிகிறது. கேலி செய்தவர்களுக்கு இன்னும் படவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நாலு விஷயங்கள். நான் சாபம் வாங்கிக் கற்றவை, இலவசமாகத் தருகிறேன்.

புயல் கரையைக் கடந்தது என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. ஃபெஞ்சல் கரையேறிய பிறகும் பல மணி நேரம் புதுச்சேரி பக்கத்தை விட்டு நகராமல் நின்று கொட்டியது. ஞாயிறு காலை வரையிலான ஒரு நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர். பிறகு மழை உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் 50. அந்தத் தண்ணீர் எல்லாம் ஆற்றில் இறங்கி, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட வேண்டி வந்தது. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதுகூட மேட்டில் பெய்த மழை ஆறாக வந்து சேரும். வர்தா புயல் 2016இல் சென்னையைக் கடந்தபோது நடுவில் காற்று சட்டென்று அடங்கியது. அது புயலின் கண். முடிந்துவிட்டது என்று தெருவுக்கு வந்தவர்கள் மேல் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது.

பெருமழையில் மாட்டிக்கொண்டால் முகப்பு விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள், முன் வண்டியோடு இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டும் பழக்கம் வேண்டாம். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கு. தேய்ந்த டயர் ஈரச் சாலையில் தண்ணீர்ப் படலத்தின் மேல் வழுக்கும். அப்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். கண் தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள். மரத்தடியிலோ, விளம்பரப் பலகைக்குக் கீழேயோ, மின்கம்பிக்குக் கீழேயோ, சாலை ஓரத்து இருட்டிலோ நிறுத்தாதீர்கள். பெட்ரோல் பங்க், ஓட்டல், டோல்கேட் என்று வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடமாகப் பாருங்கள். இடி மின்னலில் கூரை உள்ள காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருப்பது பாதுகாப்பு. இரு சக்கர வண்டிக்காரருக்கு அது இல்லை, அவர் ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

எல்லாம் மீறி வண்டி தண்ணீரில் சிக்கிவிட்டால், உள்ளேயே உட்கார்ந்து போன் பண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 2005 ஜூலை 26, மும்பையில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் பெய்தபோது, மூடிய காருக்குள் சிக்கி மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, குழந்தையை முதலில் வெளியே கொடு, பிறகு நீ. இந்த வரிசை மனப்பாடமாக இருக்கட்டும். தண்ணீர் ஏறிய பிறகு கதவு திறக்காது, மின்சாரக் கண்ணாடியும் வேலை செய்யாமல் போகலாம். ஒரு சின்னச் சுத்தியல் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உடைக்க வேண்டியது பக்கக் கண்ணாடியின் மூலையை. முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, லேசில் போகாது.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமானது நம் கையில்தான் இருக்கிறது, அதாவது போனில். அந்த டிசம்பர் 2 சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்பிவிட்டார்களாம். நான் ஏதோ பேச ஆரம்பித்தேன். அவள் இடைமறித்து, "அப்பா, அந்தப் பாலம் ஞாபகம் இருக்கா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கார் தானா போகுது என்று சொன்ன அதே குழந்தை. அவளையும் அவள் பிள்ளைகளையும்தான் "மெதுவா வந்துடலாமே" என்று நான் கூப்பிட்டிருக்கிறேன்.

அறுபதாம் கல்யாணத்தில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். சென்னை வந்ததும் அதை எடுத்துக்கொண்டு தாம்பரம் போனேன். மாப்பிள்ளை தோளில் போட்டேன். "என்ன மாமா இது?" என்று கூச்சப்பட்டார். "திரும்பி வந்ததுக்கு" என்றேன். சொன்னது தப்பு என்று நேரடியாகச் சொல்ல நம் தலைமுறைக்கு வாய் வராது. சால்வைதான் வந்தது. அவருக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். மழையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரை நாங்கள் கூப்பிடுவதில்லை, அவர்கள் நிறுத்திவிட்டுக் கூப்பிடட்டும். நிறுத்திவிட்டேன் என்றோ திரும்புகிறேன் என்றோ சொன்னால் "ஏன்" என்று கேட்பதில்லை. "வரலைன்னா எல்லாரும் கேட்பாங்க" என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் தடை. கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதற்குத்தானே பெரியவன் என்று இருக்கிறேன்.

ஐப்பசி வருகிறது. முகூர்த்தங்களும் வரும், மழையும் வரும். உங்கள் பிள்ளையோ மருமகனோ மருமகளோ வழியில் நிறுத்திவிட்டுப் போன் பண்ணுவார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள்: "நல்லதாப் போச்சு. அங்கேயே இரு. சாப்பிட்டியா?"